உடன் வந்தவர்

லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்குப் பேச்சு அதிகம் தேவைப்படுவதில்லை. இருட்டுக் குழிக்குள் இறங்கி, கேபிளைத் தடவிப் பார்த்து, மேலே நிற்கிற கூட்டாளியிடம் "விடு" என்றோ "நிறுத்து" என்றோ சொன்னால் அன்றைய பிழைப்பு ஓடிவிடும். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். அவருடைய மனைவிக்குத் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் வேலை. காலையிலிருந்து மாலைவரை யார் யாரோ காதுக்குள் வந்து திட்டிவிட்டுப் போவார்கள். அத்தனை பேருக்கும் பதில் சொல்லி வீடு திரும்பும்போது அவளிடம் சொல் எதுவும் மிச்சம் இருக்காது. கணவன் மனைவிக்குள் சண்டையே வந்ததில்லை. அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

அவர்களுடைய மகளை எல்லோரும் பொட்டு என்று கூப்பிட்டார்கள். மூன்று வயது ஆகப் போகிறது, பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அப்பாவின் விரலைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போவாள். வேண்டியது கிடைக்காவிட்டால் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். சொன்னதெல்லாம் புரிந்தது, காதிலும் குறை இல்லை. தடுப்பூசி போடும் நர்ஸ்தான், இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, விளையாட்டு மூலமாகவே பேச வைக்கிறார்களாம், உடனே போங்கள் என்றாள். மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. லிஃப்ட்காரர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

மழலை விளையாட்டு மொழி மையத்தின் வாசலில் பெரிய பந்து ஒன்று வரைந்திருந்தது. உள்ளே கண்ணாடிக் கவுன்ட்டர். லிஃப்ட்காரர் குனிந்து, பேச்சுப் பயிற்சி எந்த அறையில் என்று கேட்டார்.

கவுன்ட்டர்காரர் வலி வந்தவர்போல முகத்தைச் சுளித்தார். இந்தக் கட்டடத்துக்குள் கேள்வி கேட்கக் கூடாது என்றார். கேள்வி கேட்டால் குழந்தைக்கு வருகிற பேச்சும் உள்ளே போய்விடும். பெரியவர்கள் தாங்கள் பார்ப்பதையும் செய்வதையும் மட்டும்தான் சொல்ல வேண்டும். நான் குழந்தையிடம் கேட்கவில்லையே, உங்களிடம்தானே கேட்டேன் என்று லிஃப்ட்காரர் சொல்லிப் பார்த்தார். பழக்கம் என்று வந்தால் எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று பதில் வந்தது.

வரிசையில் பின்னால் நின்ற பெண், பேருந்து ஓட்டுநர் சீருடையில் இருந்தவள், தணிந்த குரலில் சொன்னாள்: "நீங்க என்ன பண்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவர் ஒரு வார்த்தை சேர்த்துத் தருவாரு."

லிஃப்ட்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் ரூமைத் தேடுறேன்."

கவுன்ட்டர்காரர் முகம் மலர்ந்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீங்க நீல ரூமைத் தேடுறீங்க" என்றார்.

"நான் நீல ரூமைத் தேடுறேன்."

"நீங்க மாடியில இருக்கிற நீல ரூமைத் தேடுறீங்க."

"நான் மாடியில இருக்கிற நீல ரூமைத் தேடுறேன்."

"நீங்க மாடியில இருக்கிற, இன்னைக்குப் பூட்டியிருக்கிற நீல ரூமைத் தேடுறீங்க" என்று கவுன்ட்டர்காரர் பரிவோடு முடித்துவைத்தார்.

பொட்டுவின் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டார்கள். அதன்பின் பல மாதம் காத்திருப்பு. ஒருவழியாக அழைப்பு வந்த நாளில் புதிய பெற்றோர்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். மையத்தின் இயக்குநர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு, ஒலிபெருக்கி தேவைப்படாத குரலில் உரையாற்றினார்.

"இங்க குழந்தைதான் தலைவர்" என்று ஆரம்பித்தார். "அவங்க போற வழியிலதான் நாம போகணும். எந்த வழியில போகணும்ங்கிற அட்டவணைய நாங்க திங்கக்கிழமையே ஒட்டிடுவோம். அதைத் தாண்டி வேற வழியில போற குழந்தைங்களுக்குத் தலைமைப் பண்பு இன்னும் வரலைன்னு அர்த்தம். அடுத்தது, பட்டியல் நீளமா இருக்குன்னு பல பேர் வருத்தப்படுறீங்க. பேச்சுப் பயிற்சியில பெரிய உத்தியே காத்திருக்கிறதுதாங்க. மத்த இடத்துல குழந்தை வாயைத் திறக்குதான்னு சில நொடி காத்திருப்பாங்க. நம்ம மையத்துல மாசக்கணக்கா காத்திருக்கோம். எத்தனையோ குழந்தைங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே பேசிடுச்சு. அதையெல்லாம் நம்ம வெற்றியிலதான் சேர்த்திருக்கோம்."

முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். லிஃப்ட்காரரும் தட்டினார். பொட்டு அவர் மடியில் தூங்கிவிட்டிருந்தாள்.

விளையாட்டு அறையில் புதுக் கம்பளம். அலமாரி நிறைய பொம்மைகள், ஒன்றும் உறை பிரிக்காதவை. முன்பு ஒருமுறை பிரித்துக் கொடுத்ததில் குழந்தைகள் விளையாடிப் பழசாக்கிவிட்டார்களாம். மதிப்பீட்டுக்கென்று ஒரே ஒரு சாவி வாத்து மட்டும் வெளியே இருந்தது. தெரபிஸ்ட் ஓர் இளம்பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். அப்பாவும் மகளும் இஷ்டம்போல விளையாடட்டும், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் பார்ப்பார் என்றாள்.

லிஃப்ட்காரர் வாத்துக்குச் சாவி கொடுத்தார். அது நடக்கவில்லை. திருப்பிப் பார்த்தார். சக்கரத்தில் நூல் சிக்கியிருந்தது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நூலை எடுக்க ஆரம்பித்தார். பொட்டு அவர் கைமேல் மூச்சுப் படுகிற தூரத்தில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூலின் முனை வெளியே வந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், வாத்தைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். தெரபிஸ்ட் பெண் அதைக் கவனித்துச் சிரித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சிரிப்பு எதுவும் இல்லை.

முடிவை இயக்குநரே நேரில் வந்து சொன்னார். குழந்தையைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை. தகப்பனார் அத்தனை நேரத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. பொம்மையோடு விளையாடாமல் பழுது பார்த்திருக்கிறார். இது முற்றிய நிலை. குடும்பத்தில் யாருக்குக் குறை அதிகமோ அவரிடமிருந்து தொடங்குவதுதான் மையத்தின் கொள்கை. எனவே தகப்பனாரைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

"பொட்டு?" என்றார் லிஃப்ட்காரர். அது கேள்வி என்பதால் பதில் வரவில்லை.

விதிப்படி ஒவ்வொரு பயனாளியோடும் ஒருவர் வர வேண்டும். கவுன்ட்டர்காரர் ஒரு பேட்ஜை எடுத்துப் பொட்டுவின் கழுத்தில் மாட்டினார். அதில் "உடன் வந்தவர்" என்று எழுதியிருந்தது. உடன் வருகிறவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. அறைக்கு வெளியே நடைபாதைப் பெஞ்சில் அமைதியாக உட்கார வேண்டும். அங்கே அதே பேட்ஜோடு இன்னும் பல குழந்தைகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ரூல் அப்படி இருக்குங்க" என்றாள் தெரபிஸ்ட் பெண், கதவைச் சாத்திக்கொண்டே. "நானும் குழந்தைங்ககூட உக்காந்து ரொம்ப நாளாச்சு."

இப்படியாக வாரத்தில் ஒரு காலைப் பொழுதை வேலையில் விட்டுக்கொடுத்து லிஃப்ட்காரர் விளையாடக் கற்றுக்கொண்டார். மரத்தாலான மாடு ஒன்றையும் பாலம் ஒன்றையும் கொடுத்தார்கள். மாட்டை நகர்த்தியபடி, நகர்த்துவதை வாயால் சொல்ல வேண்டும். எதிரே தெரபிஸ்ட் பெண் குழந்தையாக நடிப்பாள். பேசாத குழந்தை என்பதால் அவளுக்கு வசனம் கிடையாது. "மாடு நடக்குது. மாடு பாலத்துல ஏறுது. மாடு நின்னுடுச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டே போக, சில நாள் அவள் உட்கார்ந்தவாக்கில் கண்ணயர்ந்துவிடுவாள். பாவம் என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். குரல் தாழ்ந்ததற்கு மதிப்பெண் குறையும்.

பழக்கம் மெல்ல வெளியிலும் தொற்றியது. லிஃப்ட் குழிக்குள்ளிருந்து, "நான் போல்ட்டை முறுக்குறேன். போல்ட் இறுகுது" என்று குரல் வரவும் மேலே நின்ற கூட்டாளி பயந்துபோய் மேற்பார்வையாளருக்கு ஃபோன் போட்டார். ஒரு நாள் மாலை வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நான் பாத்திரம் கழுவுறேன். தண்ணி சில்லுனு இருக்கு" என்றார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்குச் சொல்றீங்க?"

மையத்தில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். அவள் நாற்காலியில் சாய்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டாள். அவர் அடுத்த பாத்திரத்தை எடுத்த பிறகு அவளுடைய குரல் கேட்டது. "நான் காலை நீட்டி உக்காந்திருக்கேன். இன்னைக்கு ஒருத்தன் என்னை ரொம்பத் திட்டிட்டான். என் காதெல்லாம் வலிக்குது." லிஃப்ட்காரர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலையைப் பற்றி அவ்வளவு நீளமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பொட்டு தரையில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நடைபாதையில் நடந்ததைப் பற்றி அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. பேருந்து ஓட்டும் பெண் தன் முறைக்காக அங்கேதான் காத்திருந்தாள். அவளுடைய மகளுக்கு ரேடியோ என்று செல்லப்பெயர். பேசாத பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தது பிள்ளையின் தாய்மாமன், என்றைக்காவது பாடும் என்ற நம்பிக்கையில். ரேடியோவும் பொட்டுவும் பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்புகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பெஞ்சுக்கு அடியில்தான் லிஃப்ட். செருப்புகள் அதில் போகிற ஆட்கள். சுவரில் பெயர்ந்த ஓடு ஒன்று பொத்தான். ஒரு நாள் பொட்டு அந்த ஓட்டை அழுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல், "மேல" என்றாள். ரேடியோ ஒரு பெரிய பூட்ஸை அணைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு "கீழ" என்றாள்.

லிஃப்ட்காரர் பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது பேருந்து ஓட்டும் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். "உங்க பொண்ணு பேசிட்டா அண்ணே. ரெண்டு பேருமே பேசிட்டாங்க."

அவர் முழங்கால் போட்டுக் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். பொட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, மறுபடி சொல்லவில்லை. மகளின் முதல் சொல் காற்றில் கரைந்த நேரத்தில், தான் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டைப் பாலத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம் என்பது வீடு போய்ச் சேரும்வரை அவர் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

மையம் இதைச் சும்மா விடவில்லை. கூட்டம் கூட்டி ஆராய்ந்தார்கள். பொட்டுவுக்கென்று நிர்ணயித்த சொல் "பந்து". "மேல" என்பது பட்டியலில் இல்லை. மேலும், தெரபிஸ்ட் இல்லாமல், பொம்மை இல்லாமல், நேரம் ஒதுக்காமல் நடந்ததை விளையாட்டு என்று ஏற்க முடியாது. அது குறும்பு. குறும்பில் வந்த சொல்லைப் பேச்சாகக் கணக்கில் எடுத்தால் நாளைக்குச் சண்டையில் வருகிற சொல்லையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று இயக்குநர் எச்சரித்தார். மறுவாரமே நடைபாதையில் "இங்கே விளையாடக் கூடாது" என்ற பலகை ஏறியது. பெஞ்சை எடுத்துவிட்டு, குழந்தைகள் ஒருவரையொருவர் எட்ட முடியாதபடி நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். பெயர்ந்த ஓட்டைப் பூசிவிட்டார்கள்.

பொட்டு நாற்காலியில் உட்கார்ந்து பூசிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் பழையபடி அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தாள். இடையில் ஒன்றிரண்டு நாள் உதட்டை அசைத்துப் பார்த்ததும் நின்றுபோயிற்று. மனைவி அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் அங்கே போக வேண்டாம் என்றாள். போகாவிட்டால் பட்டியலில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள் என்றார் அவர். இருவருக்கும் அலுப்பாக இருந்தது. அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. மையம் அல்லோலகல்லோலப்பட்டது. பொம்மைகளின் உறைகளைப் பிரித்தார்கள். பலகையைத் துணி போட்டு மூடினார்கள். மாட்டைப் பாலத்தில் ஏற்றுவதில் லிஃப்ட்காரரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் அவரையே காட்டுவது என்று முடிவாயிற்று. உடன் வந்தவரும் அன்று ஒருநாள் உள்ளே வரலாம். பந்தை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். கண்ணுக்குத் தெரிந்து கைக்கு எட்டாவிட்டால் குழந்தை தானாகக் கேட்கும் என்பது உத்தி. குழந்தை "பந்து" என்றதும் இயக்குநர் பெட்டியைத் திறப்பார், எல்லோரும் கை தட்டுவார்கள்.

அதிகாரிகள் நாற்காலிகளில் அமர்ந்தார்கள். லிஃப்ட்காரர் கம்பளத்தில் உட்கார்ந்தார். பொட்டு பெட்டியை ஒருதரம் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒரு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநர், "விவரிங்க, விவரிங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

லிஃப்ட்காரர் விவரித்தார். மாட்டுக்குப் பேசுகிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"நான் கம்பளத்துல உக்காந்திருக்கேன். என் பொண்ணு திரும்பி உக்காந்திருக்கா. பந்து பெட்டிக்குள்ள இருக்கு. சாவி சார் பையில இருக்கு. பொம்மையெல்லாம் இன்னைக்குக் காலையிலதான் உறையிலருந்து வெளிய வந்துச்சு. சாயங்காலம் திரும்ப உள்ள போயிடும். என் பொண்ணு வெளிய செருப்பை வெச்சு விளையாடினா. 'மேல'ன்னு சொன்னா. நான் அதைக் கேக்கல. நான் உள்ள மாட்டை நடக்க விட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம் பெஞ்சை எடுத்துட்டாங்க. பலகை மாட்டிட்டாங்க. இப்ப அது துணிக்குப் பின்னால இருக்கு. அதுக்கப்புறம் என் பொண்ணு பேசவே இல்ல. நான் ரொம்பக் களைச்சுப் போயிருக்கேன்."

தெரபிஸ்ட் பெண் தரையைப் பார்த்தாள். அதிகாரிகளில் மூத்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவர் சேரும்போது எப்படி இருந்தாரு?" என்று இயக்குநரிடம் கேட்டார். அதிகாரிகள் கேள்வி கேட்கலாம்.

"ஒரு சொல்லுகூட வராது சார்" என்றார் இயக்குநர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

மூத்தவர் எழுந்து நின்றார். "இப்ப எப்படிப் பேசுறாரு பாருங்க. எங்கயும் தடுக்கல. முன்னாடி நடந்தது, பின்னாடி நடந்தது எல்லாம் முறையா வருது. கடைசியில தன் மனநிலையையே சொல்றாரு. அதுதான் எல்லாத்தையும்விடக் கஷ்டமான கட்டம். இவர் என்ன சொன்னாருங்கிறது நமக்கு முக்கியமில்ல. சொன்னாரா இல்லையாங்கிறதுதான் முக்கியம். சொல்ற விஷயத்தைக் கவனிக்கிறதுக்கு வேற துறை இருக்கு."

கை தட்டல் வெகுநேரம் நீடித்தது. லிஃப்ட்காரருக்கு மாலை போட்டு, மாடும் கையுமாகப் படம் பிடித்தார்கள். அன்றே அவர் குணமானவராக அறிவிக்கப்பட்டார். கவுன்ட்டர்காரர் வந்து பொட்டுவின் கழுத்திலிருந்து பேட்ஜைக் கழற்றினார். பயனாளி குணமாகிவிட்டால் உடன் வந்தவருக்கு உள்ளே வேலை இல்லை. வேண்டுமானால் குழந்தையைப் புதிதாகப் பட்டியலில் சேர்க்கலாம், காத்திருக்கலாம் என்றார். லிஃப்ட்காரர் மாலையைக் கவுன்ட்டர்மேல் வைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் மையத்தில் தகப்பன்மார்களுக்கென்று தனிப் பிரிவு திறந்தார்கள். பெரியவர்களின் பேச்சு கெடுகிறது என்பதால் குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. பேருந்து ஓட்டும் பெண் அதைப் படித்துவிட்டு லிஃப்ட்காரருக்கு ஃபோன் செய்தாள். டிப்போவுக்குப் பின்னால் ஒரு பூங்கா கிடக்கிறது, ஆள் நடமாட்டமில்லை, ஊஞ்சல் துருப்பிடித்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள். அவர் எண்ணெய் டப்பாவோடு போனார். விடுமுறை நாள்களில் இரண்டு குழந்தைகளையும் அங்கே மண்ணில் விட்டார்கள்.

சில வாரம் கழித்துத் தெரபிஸ்ட் பெண்ணும் வந்தாள். மையத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். குழந்தைகள் குழி தோண்டினால் அவளும் தோண்டினாள். அவர்கள் நிறுத்தினால் அவளும் நிறுத்தி முகத்தைப் பார்த்தாள். பொட்டு "மண்" என்பதுபோல எதையோ முனகினால், "ஈர மண்" என்று அவள் சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் இருந்தாள். அவள் தன் வேலையைச் செய்வதை லிஃப்ட்காரர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். மந்திரம் போட்டதுபோல எதுவும் நடந்துவிடவில்லை. பல நாள் வெறும் கையோடுதான் வீடு திரும்பினார்கள். பிறகு ஒரு "தா" வந்தது. ஒரு "போ" வந்தது. "மேல" திரும்பி வந்தது, இந்தமுறை அவர் காதுபட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கும் விடுப்புக் கிடைத்தது. பூங்காவுக்கு வந்து ஊஞ்சலுக்குப் பக்கத்துச் சிமென்ட் திண்டில் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டாள். லிஃப்ட்காரர் மகளை ஊஞ்சலில் உட்கார வைத்தார். அவர் தள்ளப் போனபோது பொட்டு அவர் கையை விலக்கிவிட்டுத் திண்டைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். "தள்ளு."

மனைவி கண்ணைத் திறந்தாள். கணவன் பேசினாரா என்பதுபோல அவரைப் பார்த்தாள். அவர் இல்லையென்று தலையை ஆட்டி, மகளைக் காட்டினார். அவள் எழுந்து வந்து ஊஞ்சலைப் பிடித்தாள். ஒரு தள்ளு தள்ளிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊஞ்சல் வேகம் குறையும்போதெல்லாம் "அம்மா, தள்ளு" என்று அதட்டல் வந்தது. வெயில் ஏறியது. ரேடியோவும் அவள் அம்மாவும் புறப்பட்டுப் போனார்கள். மனைவியின் கை தளர்வதைப் பார்த்து, கொஞ்ச நேரம் தான் தள்ளுவதாகச் சொல்லி லிஃப்ட்காரர் பக்கத்தில் வந்தார்.

"நீங்க போய் உக்காருங்க" என்றாள் அவள். "என்னைத்தான் கூப்பிட்டா."